கோப்பில் மட்டும் சொன்ன உண்மை

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவுக்குப் பென்டகனில் வழியனுப்பு விழா நடந்தது 1968 பிப்ரவரி 29ஆம் தேதி. விழாவுக்கு வந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சனும் மெக்னமாராவும் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பத்து நிமிடத்துக்கும் மேல் அமெரிக்க ஜனாதிபதி அதற்குள் மாட்டிக்கொண்டு நின்றார். ஒருவழியாக வெளியே வந்தால் மழை. ஒலிபெருக்கி மக்கர் செய்தது. மரியாதை செலுத்தப் பறந்து வரவேண்டிய விமானங்கள் வரவில்லை. கண்ணில் படுகிற எதையும் எண்ணாக்கி, எண்ணை அட்டவணையாக்கி, ஏழு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தை ஆண்ட மனிதருக்கு இப்படி ஒரு விடைபெறல்.

எனக்கு அந்த விழாவைவிட, அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த ஒரு மதிய உணவுதான் முக்கியமாகப் படுகிறது. வெளியுறவுத் துறையில் அமைச்சர்களும் ஆலோசகர்களும் கூடியிருந்தார்கள். வியட்நாமுக்கு இன்னும் 2 லட்சம் பேர் வேண்டும் என்று தளபதி வெஸ்ட்மோர்லாந்து கேட்டிருந்தார். அனுப்பலாமா, கூடாதா என்று பேச்சு. அந்த மேஜையில் மெக்னமாரா உடைந்துபோனார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போட்டதைவிட அதிகமாகக் குண்டு போட்டாகிவிட்டது, ஒரு பலனும் இல்லை என்று சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. கண்ணீரும் கோபமுமாக அவர் பேசியதை, அவருடைய நாற்காலிக்கு வரவிருந்த கிளார்க் கிளிஃபோர்டு உட்பட எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடனிருந்தவர்கள் பின்னாளில் எழுதிவைத்ததால்தான் நமக்கு இது தெரியும். அன்றைக்குக் காட்டுக்குள் துப்பாக்கியோடு நின்றவனுக்குத் தெரியாது. அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது.

போர், தியாகம், வெளியுறவுக் கொள்கை என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் பேசப்படும் விஷயத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி சின்னது. ஒரு காரியம் உருப்படாது என்று தெரிந்துகொண்டவர், அதை யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்? மேலே இருப்பவரிடமா, அந்தக் காரியத்தால் சாகப்போகிறவரிடமா?

மெக்னமாரா சாமானியர் இல்லை. 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஹார்வர்டில் வணிகக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் புள்ளியியல் பிரிவில் வேலை பார்த்தார். எந்தக் குண்டுவீச்சு விமானம் எத்தனை முறை பறந்தது, எவ்வளவு எரிபொருள் தின்றது, எத்தனை இலக்கை அடித்தது என்று பார்க்கும் பிரிவு. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய 1 லட்சம் பேரை எரித்த தாக்குதலை நடத்திய தளபதி கர்ட்டிஸ் லீமேயின் கீழ் இருந்தார். போர் முடிந்ததும் ஃபோர்டு கார் கம்பெனி. 1960 நவம்பரில், ஃபோர்டு குடும்பத்துக்கு வெளியிலிருந்து அதன் தலைவரான முதல் ஆள். நாற்காலி சூடாகும் முன்பே கென்னடி கூப்பிட்டுப் பாதுகாப்பு அமைச்சராக்கிவிட்டார். எண்ணெய் தடவிப் பின்னுக்கு வாரிய தலை, விளிம்பில்லாத கண்ணாடி. எந்தக் கேள்விக்கும் கையில் ஒரு எண் வைத்திருப்பார். 1962இல் முதல்முறை வியட்நாம் போய்வந்தபோதே, எந்த அளவுகோலை எடுத்துப் பார்த்தாலும் நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

எண்ணை நம்பியவர் என்று அவரைக் கேலி செய்வது சுலபம். நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்கள் அவரை ஏமாற்றவில்லை. சரியாகச் சொன்னால், மற்றவர்களுக்கு முன்பே அவருக்கு உண்மையைச் சொன்னது அந்த எண்கள்தான். 1965 நவம்பரில் இயா ட்ராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையும் வட வியட்நாமின் முறையான படையும் முதல்முறையாகப் பெரிய அளவில் மோதின. சில நாளில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 200க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மெக்னமாரா நேரில் போனார், கேட்டார், திரும்பிவந்து அதே மாதக் கடைசியில் ஜான்சனுக்குக் குறிப்பு எழுதினார். கேட்கிற அளவு படை அனுப்பினாலும் வெற்றி நிச்சயமில்லை, மாதத்துக்கு 1,000 அமெரிக்கர்கள் வரை சாகலாம் என்பது அதன் சாரம். டிசம்பரில் ஜான்சன் நேராகவே கேட்டார்: அப்படியானால் ராணுவத்தை வைத்து என்ன செய்தாலும் ஜெயிப்போம் என்று உறுதி இல்லையா? இல்லை என்றார் மெக்னமாரா.

அந்த டிசம்பரில் வியட்நாமில் செத்த அமெரிக்கர்களின் கணக்கு ஒருசில ஆயிரங்களைத் தாண்டவில்லை. போர் முடிந்தபோது 58,000க்கும் மேல்.

இங்கே ஒரு விமானப் பயணத்தைச் சொல்லவேண்டும். சொன்னவர் டேனியல் எல்ஸ்பெர்க். பிற்பாடு பென்டகனின் ரகசிய ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்து உலகப் புகழ் பெற்றவர். 1966 அக்டோபரில் மெக்னமாராவும் அவரும் சைகோனிலிருந்து ஒரே ராணுவ விமானத்தில் திரும்புகிறார்கள். விமானத்தின் பின்பகுதியில் மெக்னமாரா இன்னொரு அதிகாரியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார். எல்ஸ்பெர்க்கைக் கூப்பிட்டு, போன வருஷத்தைவிட நிலைமை மோசம் என்கிறேன், இவர் முன்னேற்றம் என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார். அப்படியேதான் இருக்கிறது என்கிறார் எல்ஸ்பெர்க். பார்த்தாயா, 1 லட்சம் பேரைக் கூடுதலாக இறக்கியும் அப்படியேதான் இருக்கிறதென்றால் மோசமாகிவிட்டது என்றுதானே பொருள் என்று மெக்னமாரா குதிக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானதளத்தில் விமானம் இறங்குகிறது. பனிமூட்டம். ஒலிவாங்கிகளும் காமிராக்களும் காத்திருக்கின்றன. மெக்னமாரா படியிறங்கிப் போய், எல்லாத் துறையிலும் நல்ல முன்னேற்றம் என்று நாட்டுக்கு அறிவிக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்குள் ஏதோ சுருக்கென்கிறது. ஒரு மனிதர் பொய் சொன்னார் என்பதால் இல்லை. அரசியலில் பொய் புதிதா என்ன? ஆகாயத்தில் இருந்த வாய்க்கும் தரையில் இருந்த வாய்க்கும் இடையே அவர் எந்தச் சங்கடமும் படவில்லை என்பதுதான் விஷயம். ஜனாதிபதிக்குச் சொல்லவேண்டியதைக் குறிப்பில் சொல்லியாகிவிட்டது. பத்திரிகைக்குச் சொல்லவேண்டியது வேறு. அவர் மனதுக்குள் இரண்டும் தனித்தனி இழுப்பறைகள்.

இதே மனிதரின் அலுவலக ஜன்னலுக்குக் கீழே, 1965 நவம்பர் 2ஆம் தேதி, நார்மன் மாரிசன் என்ற 31 வயது குவேக்கர் கிறிஸ்தவர் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குளித்தார். கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தை பிழைத்துவிட்டது. அந்தச் சாவு தன்னை உலுக்கியது என்றும், ஆனால் வீட்டில் மனைவியோடும் பிள்ளைகளோடும்கூட அதைப் பேசாமல் உள்ளேயே அடக்கிக்கொண்டதாகவும் மெக்னமாரா முப்பது ஆண்டு கழித்து எழுதினார். அவர் மகன் கிரெய்க் போரை எதிர்த்தவர். 2022இல் தந்தையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்பா அன்பானவர், ஆனால் வியட்நாமைப் பற்றி மட்டும் தன்னிடம் மனம்விட்டுப் பேசியதே இல்லை என்பதுதான் அதில் தீராத மனத்தாங்கல்.

தியாகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். போர்க்களத்தில் செத்தவர்கள் எல்லோரையும் தியாகி என்று சொல்வது உலக வழக்கம். கொடுப்பவன் அறிந்து கொடுத்தால்தானே அது தியாகம்? 1966இல் மெக்னமாரா ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெயர் 'பிராஜெக்ட் 100,000'. ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களை, அளவுகோலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொள்வது. ஏழைப் பையன்களுக்குப் பயிற்சியும் ஒழுங்கும் கிடைக்கும், திரும்பிவந்தால் நல்ல வேலைக்குப் போவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார் போலிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பையன்களுக்குக் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போடச் சலுகை இருந்த காலம் அது. 1971க்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள். கையெழுத்துப் போடத் தடுமாறியவர்களும், வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் செத்தார்கள். வெற்றி நிச்சயமில்லை என்று ஜனாதிபதிக்கு எழுதிய அதே கை, அடுத்த ஆண்டே இந்தப் பையன்களைச் சேர்க்கும் ஆணையிலும் கையெழுத்திட்டது. அவர்களுடைய உயிரைத் தியாகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் 1982இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி. கறுப்புக் கிரானைட்டில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். (கல் நம் பெங்களூர்ப் பக்கத்தது. வெட்டிக் கப்பலேற்றி அனுப்பியது.) அந்தப் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. பதவி வரிசையிலும் இல்லை. விழுந்த நாள் வரிசையில் இருக்கின்றன. சுவரின் நடுமூலையில் தொடங்கிக் கிழக்குச் சிறகின் கடைசிவரை போய், பிறகு மேற்குச் சிறகின் கோடியிலிருந்து மறுபடி நடுவுக்கு வருகிறது கணக்கு. கிழக்குச் சிறகு 1968 மே மாதத்தில் முடிகிறது. மேற்குச் சிறகு முழுக்க அதற்குப் பிறகு செத்தவர்கள். ஆக, அந்தச் சுவரை ஒரு நாட்காட்டியாகவும் படிக்கலாம். நடுமூலையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மெக்னமாரா ஜான்சனிடம் இல்லை என்று சொன்ன 1965 டிசம்பர் வந்துவிடும். குண்டுவீச்சை நிறுத்துங்கள், படையைக் கூட்டாதீர்கள் என்று அவர் கடைசியாக எழுதிய குறிப்பின் தேதி 1967 நவம்பர் 1. அதுவும் கிழக்குச் சிறகிலேயே வந்துவிடும். அந்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் பாதிக்கும் மேற்பட்ட சுவர் மிச்சமிருக்கிறது. வியட்நாமியர்களுக்கு இப்படி ஒரு சுவர் கட்டினால் மைல் கணக்கில் போகும். 1995இல் ஹனோய் அரசு சொன்ன கணக்கு 30 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி குடிமக்கள்.

மெக்னமாரா தன் தரப்பில் சொன்னதை அலட்சியமாகத் தள்ள முடியாது. நான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அல்ல என்றார் அவர். மக்கள் ஓட்டுப் போட்டது ஜனாதிபதிக்கு. அமைச்சர் அவருடைய கை. கருத்து வேறுபட்டால் உள்ளே சொல்லலாம், கேட்காவிட்டால் விலகலாம். வெளியே வந்து முரசறைந்தால் அது அரசமைப்புக்கு விரோதம், எதிரிக்கும் உதவி. இதில் நியாயம் இருக்கிறது. தளபதிகளும் அமைச்சர்களும் தங்களுக்குப் பிடிக்காத முடிவையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்தால் எந்த அரசும் நடக்காது. ஆயுதம் வைத்திருப்பவர்கள் வாயை அடக்குவது ஜனநாயகத்துக்கு நல்லது என்பதை நம் பக்கத்து நாடுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்த நியாயம் அவருக்கு மௌனத்தை மட்டும்தான் கொடுக்கும். ஆண்ட்ரூஸ் விமானதளத்தில் சொன்ன பொய்யைக் கொடுக்காது. பேசாமல் இருக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே நேர்மாறாகப் பேசும் வேலையையும் செய்துகொண்டார். சரி, பதவியில் இருந்தபோதுதான் கட்டுப்பாடு. பிறகு? 1968 ஏப்ரலில் உலக வங்கித் தலைவரானார். சர்வதேச அமைப்பின் தலைவர் ஓர் உறுப்பு நாட்டின் அரசியலைப் பேசக்கூடாதாம், ஒப்புக்கொள்வோம். 1981இல் அங்கிருந்தும் ஓய்வு. அப்போதும் வாய் திறக்கவில்லை. வெஸ்ட்மோர்லாந்து சிபிஎஸ் தொலைக்காட்சி மீது போட்ட அவதூறு வழக்கில் 1984இல் சாட்சியாகக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிய பிறகுதான், ராணுவத்தால் இந்தப் போரை ஜெயிக்க முடியாது என்று 1965, 66 வாக்கிலேயே தனக்குத் தெரியும் என்றார். புத்தகம் வந்தது 1995இல். நாங்கள் தவறு செய்தோம், மிகப் பெரிய தவறு என்று அதில் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் அவரை மன்னிக்கவில்லை. இந்தக் கண்ணீர் முப்பது வருஷம் தாமதம் என்ற தொனியில் தலையங்கமே எழுதியது. 2003இல் எரோல் மோரிஸ் எடுத்த ஆவணப்படத்தில் 85 வயதைத் தாண்டிய மெக்னமாரா காமிராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். விரல் நடுங்கவில்லை, தேதி பிசகவில்லை. கடைசியில், பதவி விட்ட பிறகு ஏன் போருக்கு எதிராகப் பேசவில்லை என்று மோரிஸ் கேட்கிறார். இதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று முடித்துவிடுகிறார். அத்தனை நேரம் பேசியவர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எண்ணோ பட்டியலோ எடுத்து நீட்டவில்லை.

பெரிய இடத்துக் கதை என்று இதை நான் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்தது அரசு அலுவலகத்தில். கோப்புகளோடு புழங்கிய வாழ்க்கை. ஒரு கிராமத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று விரிசல் விட்டிருந்தது. தூண்களில் கம்பி வெளியே தெரிந்தது. அதன் நிழலில்தான் ஊர்ப் பெண்கள் குடம் வைத்து வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அங்கேதான் கோலி ஆடும். பார்வையிடப் போன மூத்த பொறியாளர் மிகவும் நேர்மையானவர், தொழில் தெரிந்தவர். திரும்பி வந்ததும் தொட்டி பாதுகாப்பானதல்ல, உடனே இடிக்கவேண்டும் என்று நோட் போட்டார். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஊர்க்காரங்ககிட்ட சொல்ல வேண்டாமா சார்?" என்று கேட்டேன். "நம்ம வேலை நோட் போடறதுதான் தம்பி. போட்டாச்சு. நாளைக்கு ஒண்ணு ஆனா நம்ம தலை உருளாது" என்றார். நிதி ஒதுக்கி ஆணை வர வெகுகாலம் ஆனது. நல்லவேளையாக ஒன்றும் ஆகாமல் தொட்டியை இடித்தார்கள். அத்தனை நாளும் அந்தப் பெண்கள் அதே நிழலில்தான் நின்றிருக்கிறார்கள்.

அந்தப் பொறியாளரைக் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உண்மையை எழுதாத பேர்வழிகள் நிறைந்த இடத்தில் அவர் எழுதினார். ஆனால் அந்த நோட்டு தொட்டிக்குக் கீழே நின்றவர்களைக் காப்பாற்றவில்லை, எழுதியவரைக் காப்பாற்றியது. மெக்னமாராவின் குறிப்புகளும் அப்படித்தான். 1967இல் பென்டகனுக்குள் ஒரு குழு போட்டு, இந்தப் போருக்குள் நாம் எப்படி வந்தோம் என்று விரிவாக ஆவணப்படுத்தச் சொன்னவரும் அவரே. 47 தொகுதி, 7,000 பக்கம். பிற்காலத்து அறிஞர்கள் பார்க்கட்டும் என்று செய்ததாம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வரலாற்றுக்கு எழுதினார். அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்ஸ்பெர்க் ஜெயிலுக்குப் போகத் துணியவேண்டியிருந்தது.

நம் மரபில் இந்தச் சிக்கலுக்கு ஓர் ஆள் இருக்கிறான். கம்பனின் கும்பகருணன். அண்ணன் செய்தது தவறு என்று சபையில், முகத்துக்கு நேரே, எல்லோரும் கேட்கச் சொன்னான். கேட்கவில்லை. போருக்குப் போகச் சொன்னபோது மறுபடியும் சொன்னான். அப்போதும் கேட்கவில்லை. போனான். களத்தில் வீடணன் வந்து கூப்பிட்டும் வரமறுத்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் இன்றும் மெச்சிக்கொண்டிருக்கும் பண்பு அது. எனக்குக் கும்பகருணன் மேல் மரியாதை உண்டு. சொன்னதை மறைக்கவில்லை, கடனைத் தன் உடம்பால் அடைத்தான். அடுத்தவன் பிள்ளையை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. ஆனால் அவன் தின்ற சோறு இராவணன் போட்டது. மெக்னமாரா தின்றது யார் போட்ட சோறு? ஜான்சன் வீட்டுச் சோறா? டெட்ராயிட்டில் கார் பட்டறையில் வேலை பார்த்தவனும், அயோவாவில் சோளம் போட்டவனும் கட்டிய வரி அது. மன்னராட்சியில் அரசனுக்குப் பட்ட கடன் குடியாட்சியில் குடிக்குத்தான் சேரும். இந்தக் கணக்குப் புரியாத விசுவாசிகள் நம் ஊர் அமைச்சரவைகளிலும் செயலகங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் நிறைய இருக்கிறார்கள். தலைவருக்கு உண்மையாக இருந்தேன் என்பதையே ஒரு பதக்கமாகக் குத்திக்கொள்கிறார்கள்.

மறைப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வெளியே விவாதம் நடக்காததால் உள்ளே இருப்பவர்களின் அறியாமையும் திருத்தப்படாமல் போகிறது. வியட்நாம் விழுந்தால் சீனாவின் கைக்குள் போய்விடும், அதன் பின்னால் தென்கிழக்கு ஆசியாவே வரிசையாகச் சரியும் என்பதுதான் வாஷிங்டனின் அடிப்படை நம்பிக்கை. 1995இல் மெக்னமாரா ஹனோய்க்குப் போனபோது முன்னாள் வெளியுறவு அமைச்சர் நுயென் கோ தாக் அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டார். நீங்கள் சரித்திரமே படித்ததில்லையா? சீனாவோடு ஆயிரம் ஆண்டாகச் சண்டை போட்ட நாங்களா சீனாவின் கைப்பாவை? வியட்நாம் ஒன்றுபட்டு நான்கே ஆண்டுக்குள், 1979 பிப்ரவரியில், சீனப்படை வியட்நாமுக்குள் புகுந்தது. சரித்திரப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் விஷயம் தெரியாமல் ஒரு வல்லரசு போருக்குப் போயிருக்கிறது. அதே பயணத்தில் வட வியட்நாமின் முன்னாள் தளபதி ஜியாப்பையும் சந்தித்தார். போருக்கு அனுமதி வாங்கக் காரணம் காட்டப்பட்ட 1964 ஆகஸ்ட் 4 டோங்கின் வளைகுடாத் தாக்குதலைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றார் ஜியாப். போருக்கு அந்த அனுமதியைத் தந்த தீர்மானத்துக்கு எதிராக செனட்டில் விழுந்த ஓட்டு இரண்டே இரண்டு.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு மெக்னமாராவின் துணை அமைச்சராக இருந்த சைரஸ் வான்ஸைக் காட்டுவேன். 1980இல் அவர் ஜிம்மி கார்ட்டரின் வெளியுறவு அமைச்சர். டெஹ்ரானில் சிறைபிடிக்கப்பட்ட அமெரிக்கர்களை ராணுவத்தை அனுப்பி மீட்பது என்று முடிவானது. கூடாது என்றார் வான்ஸ். முடிவு மாறவில்லை. மீட்பு வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, முடிந்ததும் விலகிவிடுவேன் என்று கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். ரகசியத்தைக் காத்தார், பொய் சொல்லவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி பாலைவனத்தில் முயற்சி தோற்று 8 வீரர்கள் மாண்டார்கள். சில நாளில் அவர் விலகல் அறிவிக்கப்பட்டது. ஏன் விலகினார் என்பது ஊருக்கே தெரிந்தது. வென்றிருந்தால் வான்ஸ் ஊர் சிரிக்க நின்றிருப்பார். தெரிந்தேதான் கொடுத்தார்.

நம் கதைக்கு வருவோம். 1962 செப்டம்பரில், சீன எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் இருந்த படைக்கு, தக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை விரட்டு என்று டில்லி உத்தரவு போட்டது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங், இருக்கிற ஆளையும் தளவாடத்தையும் வைத்து முடியாது என்று மேலே எழுதினார். அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு பி.எம். கவுலைக் கொண்டுவந்தார்கள். பனிமலையில் பருத்திச் சீருடையோடு பையன்கள் நின்றார்கள். அக்டோபர் 20ஆம் தேதி விடியற்காலையில் சீனப்படை மேலிருந்து இறங்கியது. அந்தப் போரில் மாண்ட இந்தியர்கள் 1,383 பேர் என்பது அரசுக் கணக்கு. காணாமல் போனவர்கள் தனி. முடியாது என்று தளபதி எழுதியது அந்தப் பையன்களுக்குத் தெரியாது, நாடாளுமன்றத்துக்கும் தெரியாது. 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படை விஷயத்திலும் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்களும், கணக்கில் வராத ஈழத்துக் குடிமக்களும் மாண்டு முடிந்த பிறகுதான், உள்ளே யார் என்ன நினைத்தார்கள் என்பது தளபதிகளின் ஓய்வுகாலப் புத்தகங்களில் வந்தது. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னையில் வந்திறங்கியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம் ஒருபக்கம், சொன்ன இடத்துக்குப் போய்ச் செத்தவனை அவமதிக்கலாமா என்ற வருத்தம் மறுபக்கம். இரண்டு பக்கமும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அனுப்பியவர்களுக்கு உரியது. அவர்கள் யாரும் அன்றைக்குத் துறைமுகத்தில் நின்று பதில் சொல்லவில்லை.

1962 தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் எழுதிய அறிக்கை 1963இல் அரசின் கைக்கு வந்தது. இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. ஒரு பகுதியை 2014இல் ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வெளியே விட்டார். உலகமே படித்துவிட்டது, நம் அரசு மட்டும் இன்னும் ரகசியம் என்கிறது. அதில் இன்றைய போர்முறைக்கும் பொருந்தும் செய்திகள் இருப்பதால் வெளியிட முடியாது என்று 2010இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, இத்தனை காலம் கழித்தும் ஏன் ஒளிக்கிறீர்கள் என்று எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் சொன்னார். கட்சி மாறினாலும் அந்த நாற்காலி ஒரே மாதிரிதான் பேசுகிறது.

அந்தப் போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் இன்று இல்லை. விதவைகளில் மிச்சமிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கணவனை எதை நம்பி, யார் சொன்னதைத் தள்ளிவிட்டு அனுப்பினார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு முதலில் உண்டு, வரலாற்று ஆய்வாளருக்குப் பிறகுதான். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே அந்த அறிக்கையை முழுவதுமாக வெளியிடுங்கள்.